வால்தம்ஸ்டோவில் அரைத்தது, வெம்பிளியில் மணத்தது

2009 ஒக்டோபர் எட்டாம் திகதி, வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, லண்டனின் கிழக்கே வால்தம்ஸ்டோவில் ஜெகதீஸ்வரி அரைத்த வாசனைத்தூளின் மணம் அவளுடைய குசினியில் எழும்பாமல், வெம்பிளியில் அவளுடைய தங்கச்சி தவமலரின் வீட்டில் எழும்பியது. இரண்டு வீட்டுக்கும் இடையில் பன்னிரண்டு மைல். காற்று அன்று மேற்கிலிருந்து கிழக்காக, அதாவது மணம் போன திசைக்கு நேர் எதிராக வீசிக்கொண்டிருந்தது. இடையில் கிடந்த டொட்டன்ஹாமிலோ கோல்டர்ஸ் கிரீனிலோ எவருக்கும் எதுவும் மணக்கவில்லை. அக்காவும் தங்கச்சியும் ஏழரை வருடமாகக் கதைப்பதில்லை என்பதால், நடந்தது இதுதான் என்று இரண்டு வீட்டாருக்கும் விளங்கப் பன்னிரண்டு நாள் எடுத்தது.

ஜெகதீஸ்வரிக்கு அந்த வருடம் நாற்பத்தாறு வயது. பதினொரு வருடம் ஒல்லாந்தில், பிரெடா நகரத்துப் பேக்கரி ஒன்றில் வேலை செய்தவள். அங்கே செப்டெம்பர் பிறந்ததும் பிஸ்கட்டிலும் கேக்கிலும் ஒரு மண்ணிறத் தூளைப் போடுவார்கள். அது சேர்ந்த மா அடுப்புக்குள் போனால் தெருவில் போகிறவன் கடை வாசலில் நின்றுவிடுவான். 2004இல் ஒல்லாந்துப் பாஸ்போட்டோடு குடும்பம் லண்டனுக்கு வந்தபோது, அந்தத் தூளில் ஆறு ரின்னை உடுப்புகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தாள். பிறகு ஐந்து வருடம் மற்றவர்களுடைய அலுவலகங்களைத் துப்புரவாக்கினாள். 2009 செப்டெம்பரில்தான், சந்தைத் தெருவில் கஃபே வைத்திருந்த மொரீன் என்ற பெண்மணி அவளிடம் கிழமைக்கு நாலு தட்டு அப்பிள் கேக் கேட்டாள். கண்ணாடிப் பெட்டிக்கு மேல் சுட்டவளின் பெயரை எழுதி வைக்கவும் ஒத்துக்கொண்டாள். அந்தச் சந்தோசத்தில் ரின்களைத் திறந்து பார்த்தால், ஐந்து வெறும் ரின். ஆறாவதில் ஒரு மேசைக்கரண்டி. சுப்பர்மார்க்கெட்டில் விற்கிற கலவைத்தூளை வாங்கி மணந்து பார்த்தாள். மல்லிதான் முன்னுக்கு நின்றது. இது கேக்குக்கோ ரசத்துக்கோ என்று தனக்குள் கேட்டு, மூடியை இறுக்கித் தூக்கி வைத்துவிட்டு, தானே அரைப்பதென்று முடிவெடுத்தாள்.

அவள் அரைத்த விதத்தில் ஒரு பிழையும் இல்லை என்பதை இங்கே பதிந்து வைக்க வேண்டும். இலங்கைக் கறுவாப்பட்டையைக் கையால் நொறுக்கி, ரேடியேட்டருக்கு மேல் தட்டில் பரப்பி ஒரு பகல் முழுக்கக் காயவிட்டாள். ஏலக்காயை உடைத்து விதையை மட்டும் எடுத்தாள். சாதிக்காயை முழுதாகக் கிரைண்டருக்குள் போட்டால் எண்ணெய் விட்டுக் கட்டிபடும் என்பதால் துருவியில் துருவினாள். பிறகு சாதிக்காயைச் சுற்றியிருக்கும் வசவாசி, காய்ந்த இஞ்சியான வேர்க்கொம்பு, வெள்ளை மிளகு, கராம்பு. கறுவா எட்டுப் பங்கென்றால் சாதிக்காயும் கராம்பும் இரண்டிரண்டு, மற்றவை ஒவ்வொன்று. தனித்தனியே கிண்ணங்களில் இருந்தவரை எல்லாம் அதது தன் மணத்தோடுதான் இருந்தது. ஏழும் ஒன்றாய் அரைபட்டு, மூடியைத் திறந்து மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால், வெறும் மணல். திரும்பவும் மணந்தாள். யன்னலைத் திறந்து, முகத்தைக் குளிர்தண்ணியில் கழுவி, மூன்றாந்தரமும் மணந்தாள். பிறகு புருசனை எழுப்பினாள்.

புருசன் ஞானேஸ்வரன் பெற்றோல் ஷெட் ஒன்றில் பின்னேர ஷிப்ட் செய்கிறவர். எதற்கும் ஒரு காரணம் சொல்லாமல் விடமாட்டார். தூளை மணந்துபார்த்து, உமக்கு மூக்கடைப்பு என்றார். அப்ப உங்களுக்கு மணக்குதோ என்று அவள் கேட்டாள். இல்லை, எனக்கும் மூக்கடைப்பு என்றார். அடுத்த நாள் வாசலுக்கு வந்த தபால்காரரிடம் நீட்டியபோது அவருக்கும் மணக்கவில்லை. லண்டன் முழுக்க மூக்கடைப்பு என்று ஞானேஸ்வரன் முடித்துக்கொண்டார். ஜெகதீஸ்வரி கறுவாவைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோய்ச் சண்டை பிடித்தாள். கடைக்காரர் பக்கற்றை வாங்கி மணந்து, இதைவிட மணமான கறுவா இந்தத் தெருவிலேயே இல்லை என்று சத்தியம் செய்தார், அது உண்மையும்தான். வேறு கடையில் வாங்கினாள். இடித்துப் பார்த்தாள், அம்மியில் அரைத்துப் பார்த்தாள், வறுத்து அரைத்தாள், வறுக்காமல் அரைத்தாள். ஆறு சேர்ந்தால் மணம் நின்றது. ஏழாவது சேர்ந்த கையோடு போய்விட்டது. எதை ஏழாவதாகச் சேர்த்தாலும் அதே கதை. கேக்கைச் சாப்பிட்ட மொரீன் நல்ல பதம் என்று சொன்னாள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் எதைச் சாப்பிடுகிறோம் என்று தெரியவில்லை என்றும் சொன்னாள். மாத முடிவுவரை பார்ப்பதாகவும், அதற்குள் சரிவராவிட்டால் பழைய இடத்தில் எடுப்பதாகவும் மிகவும் மரியாதையாகச் சொன்னாள். அந்த மரியாதைதான் ஜெகதீஸ்வரிக்குத் தாங்க ஏலாமல் இருந்தது. கோபம் ஏற ஏற இன்னும் கூட அரைத்தாள்.

அரைத்த ஒவ்வொரு தரமும் மணம் வெம்பிளிக்குப் போனது. தவமலர் அங்கே ஒரு சாறிக்கடைக்கு மேல்வீட்டில், புருசன் பாலேந்திராவோடும் ஏழு வயது மகள் விதுஷாவோடும் இருந்தாள். பள்ளிக்கூடக் குசினி ஒன்றில் பகல் வேலை. எட்டாம் திகதி வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தவுடனேயே அவளுக்கு அது எந்த மணம் என்று தெரிந்துவிட்டது. 2000 டிசம்பரில் மூன்று கிழமை பிரெடாவில் அக்கா வீட்டில் நின்றவள். அக்காவின் கோட்டிலும் தலைமயிரிலும் இருந்த மணம். அலுமாரியைத் திறந்தால் அங்கே இருந்தது. குளியலறைத் தொட்டிக்குள் இருந்தது. யன்னல்களைத் திறந்துவிட்டாள், வெளிக்காற்று உள்ளே வந்தது, மணம் வெளியே போகவில்லை. பிள்ளையின் யூனிபோமைத் தோய்த்து வெளியில் காயவைத்தால் மணம் இல்லை. மடித்து உள்ளே கொண்டுவந்தால் வந்துவிட்டது. தலையிடிக் குளிசை போட்டாள். வேணுமென்றுதான் செய்கிறாள் என்று புருசனிடம் சொன்னாள். ஆர் என்று பாலேந்திரா கேட்டார். அந்தப் பெயரை அந்த வீட்டில் சொல்வதில்லை.

அதற்குக் காரணம் இது. 2002 மார்ச்சில் அவர்களுடைய அப்பா யாழ்ப்பாணத்தில் செத்துப்போனார். தவமலர் அப்போது விதுஷாவோடு எட்டு மாதம். செய்தி முதலில் ஒல்லாந்துக்குத்தான் போனது. பிள்ளைத்தாச்சிக்குச் சொல்ல வேண்டாம், பிள்ளை பிறக்கட்டும் என்று ஜெகதீஸ்வரி முடிவெடுத்து, லண்டனில் பாலேந்திரா உட்பட எல்லோருடைய வாயையும் தொலைபேசியிலேயே கட்டிப்போட்டாள். இருபத்தோராம் நாள், வெம்பிளி மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற தவமலரிடம், முன்பின் அதிகம் பழகாத ஒரு மனுசி, அப்பாவுக்கு அந்தியேட்டி எப்ப பிள்ளை என்று, முப்பத்தோராம் நாள் கிரியையைப் பற்றிக் கேட்டாள். புருசனை அவள் ஆறு மாதத்தில் மன்னித்தாள். அக்காவை மன்னிக்கவில்லை. இரண்டு வருடத்தின் பின் அக்கா அதே ஊருக்குக் குடிவந்தபோதும் போய்ப் பார்க்கவில்லை.

ஒரு கிழமை பொறுத்துப் பார்த்த பாலேந்திரா கவுன்சிலுக்கு எழுதினார். அங்கிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்பிள்ளை கையில் மணம் பிடிக்கிற ஒரு மெசினோடு வந்தாள். அறை அறையாகப் பிடித்துப் பார்த்து, கறுவா, கராம்பு என்று பேப்பரில் எழுதினாள். குசினி ஓவனைத் திறந்து காட்டச் சொன்னாள். ஓவனுக்குள் தாச்சிகளும் இடியப்பத் தட்டுகளும் அடுக்கியிருந்தன; அந்த வீட்டில் அதற்கு வேறு வேலை இருந்ததில்லை. அப்படியானால் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். வால்தம்ஸ்டோவிலிருந்து, என்ரை அக்கா வீட்டிலிருந்து என்று தவமலர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். பிள்ளை அதையும் அப்படியே எழுதினாள். வால்தம்ஸ்டோ வேறு கவுன்சில் என்பதால் தங்களால் ஒன்றும் செய்ய இயலாது என்று அடுத்த நாள் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை வாசித்த பிறகுதான், ஒக்டோபர் இருபதாம் திகதி பின்னேரம், தவமலர் பாலேந்திராவிடம் நம்பரை வாங்கி அக்காவுக்கு அடித்தாள்.

"நிப்பாட்டு," என்றாள்.

ஜெகதீஸ்வரிக்குக் குரல் உடனே தெரிந்தது. "மலரோ? என்னத்தை நிப்பாட்டுறது?"

"அரைக்கிறதை. பன்னிரண்டு நாளாய் எங்களுக்கு இஞ்சை இருக்க ஏலாமல் கிடக்கு. பிள்ளையின்ரை புத்தகமெல்லாம் மணக்குது."

"அங்கையோ மணக்குது?"

"பின்னை எங்கை?"

சொல்ல வேண்டியவை ஏழரை வருடத்து அளவு ஜெகதீஸ்வரியிடம் இருந்தன. ஆனால் வாயில் வந்தது வேறு. "என்ன முன்னுக்கு நிக்குது? கறுவாவோ, கராம்போ?"

தவமலர் தொலைபேசியை வைத்துவிட்டாள். நாலு நிமிடத்தில் திரும்ப மணி அடித்தது.

"கராம்பு," என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி வைத்தாள்.

அதன்பின் அது அப்படியே நடந்தது. மணக்காத தூளைச் சரிபார்க்க ஜெகதீஸ்வரியிடம் வேறு வழி இல்லை. அந்தத் தூளைக் கண்டுபிடிக்கக்கூடிய மூக்கு உலகத்தில் ஒன்றுதான் இருந்தது, அது அவளோடு கதைக்க விருப்பமில்லாமல் இருந்தது. அவள் அரைத்துவிட்டு அடிப்பாள். மற்றப் பக்கத்தில் சுகம் விசாரிப்பு இல்லை, வணக்கம் இல்லை. சாதிக்காய் காணாது. வேர்க்கொம்பு தொண்டையிலை பிடிக்குது. இது என்ன, சாம்பிராணியோ? என்று ஒவ்வொரு வசனம் வரும், பிறகு துண்டிக்கப்படும். வசவாசியைப் பற்றி மூன்று நாள் சண்டை நடந்தது. ஒருத்தி கூட என்றாள், ஒருத்தி காணாது என்றாள், கடைசியில் இரண்டு இதழ் என்ற இடத்தில் ஒன்றரை என்று நின்றது. சும்மா எரிச்சலில் சொல்லத் தொடங்கிய தவமலருக்கு, தான் சொல்வது சரியாக இருப்பது பிடித்துப்போனதுதான் உண்மை. ஒக்டோபர் கடைசி வியாழக்கிழமை அவள் ஒன்றும் சொல்லாமல் கனநேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னடி?" என்று அக்கா கேட்டாள். "ஒண்டும் சொல்ல இல்லை," என்றாள் தவமலர். அந்த அளவை ஜெகதீஸ்வரி சுவரில் பென்சிலால் எழுதி வைத்தாள்.

அந்த அருமையான தூளால் வால்தம்ஸ்டோவில் ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை. மொரீன் மரியாதையாக ஓடரை நிப்பாட்டி, கண்ணாடிப் பெட்டிக்கு மேலிருந்த பெயரையும் எடுத்துவிட்டாள். ஆனால் சுட்ட கேக்கை ஞானேஸ்வரன் ஒரு சனிக்கிழமை வெம்பிளிப் பக்கம் கொண்டுபோனபோது வேறு மாதிரி நடந்தது. விக்ரோறியா லைனிலும், கிங்ஸ் குறொஸில் மாறி மெற்றோபொலிற்றன் லைனிலும் பெட்டி மணமில்லாத வெறும் பெட்டியாகவே இருந்தது. தவமலரின் வீட்டுப் படியில் கால் வைத்ததும் பெட்டிக்குள் இருந்த கேக்குக்கு மணம் வந்து சேர்ந்தது. சாறிக்கடைக்கு வந்திருந்த குஜராத்திப் பெண்கள் சாறியை விட்டுவிட்டு மேலே ஏறி வந்தார்கள். அரை மணித்தியாலத்தில் பெட்டி வெறுமையானது. அடுத்த சனிக்கிழமை படியில் ஆட்கள் காத்து நின்றார்கள். தவமலர் வாயில் வந்தபடி ஏசிக்கொண்டே கேக்கை வெட்டினாள். என்ரை வீட்டை ஆரைக் கேட்டுக் கடையாக்கினீங்கள் என்று கேட்டாள். ஒருவரும் கேட்கவில்லை என்பது உண்மைதான். வாங்கிப்போன கேக்கை வாங்கியவர்கள் அந்தப் படியிலேயே நின்று தின்றார்கள், ஏனென்றால் தெருவுக்குக் கொண்டுபோனால் மணம் பின்னால் வராது. இவ்வளவுக்கும் ஜெகதீஸ்வரி வரக்கூடாது என்பது ஒப்பந்தம். தூளைப் பற்றிக் கதைக்கலாம். மற்றவை கிடந்தபடி கிடக்கட்டும் என்று தவமலர் தெளிவாகச் சொல்லியிருந்தாள்.

நவம்பர் பதினாறாம் திகதி, திங்கட்கிழமை, காலை எட்டு ஐம்பதுக்கு ஜெகதீஸ்வரிக்கு வவுனியாவிலிருந்து ஒரு கோல் வந்தது. அவர்களுடைய தம்பி புவனேந்திரன், மூன்று பேரில் கடைசி, யுத்தத்துக்குள் வன்னியில் இருந்தவன். அந்த வருடம் மார்ச்சுக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முகாமிலிருந்து வெளியே வந்த நகுலேஸ்வரி என்ற பெண், முந்தி அவனுக்குப் பக்கத்துக் காணியில் இருந்தவள், ஏப்ரலில் அவனுடைய உடலைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னாள். நீலக் கட்டம் போட்ட சேட் என்றாள். அந்தச் சேட்டை 2005இல் ஜெகதீஸ்வரிதான் வாங்கி அனுப்பியிருந்தாள். கிரைண்டருக்குள் கறுவா பாதி அரைபட்டபடி கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை. கோட்டைப் போட்டாள், இரண்டு காலிலும் வெவ்வேறு சப்பாத்துப் போட்டதை செவன் சிஸ்ரேர்சில்தான் கண்டாள், இறங்காமல் போனாள். அடுத்தவர்கள் யோசிக்கிற எதையும் அவள் யோசிக்கவில்லை என்று பிற்காலத்தில் சொன்னாள். நேரத்தை மட்டும் யோசித்தாள்.

கதவைத் திறந்த தவமலர் முதலில் சப்பாத்தைத்தான் பார்த்தாள்.

"தம்பி இல்லையாம், மலர். ஏப்ரலிலையாம்," என்றாள் ஜெகதீஸ்வரி. "இப்பதான் கோல் வந்தது. வைச்ச கையோடை வாறன்."

"எத்தினை மணிக்கு வந்தது?"

"எட்டு ஐம்பதுக்கு."

தவமலர் திரும்பிச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். பத்து மணி இருபது நிமிடம். கணக்குப் பார்க்கிறவளைப் போல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, கதவை முழுக்கத் திறந்து, "உள்ளை வா அக்கா," என்றாள். பிறகுதான் இரண்டு பேரும் அழுதார்கள்.

செத்த நாள் திகதி தெரியாதபடியால் கேள்விப்பட்ட நாளையே வைத்துக்கொள்ளலாம் என்று ஐயர் சொன்னார். ஜெகதீஸ்வரி வெம்பிளியிலேயே நின்றாள். புவனேந்திரனின் படத்தைப் பெருப்பித்து, பிரேம் போட்டு, மாலை போட்டு வைத்தார்கள். சனங்கள் வந்து போனார்கள். ஒன்பதாம் நாள், வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, படத்துக்கு முன்னால் திடீரென்று கேக் மணம் எழும்பியது. வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு கிழவர் துக்கத்தை மறந்து பெலமாக மூச்சை இழுத்தார். வால்தம்ஸ்டோவில் தனியே இருந்த ஞானேஸ்வரன், பாதி அரைபட்ட கறுவா பழுதாய்ப் போகுமே என்று, சுவரில் எழுதியிருந்த அளவைப் பார்த்து மிச்சத்தையும் போட்டு அரைத்திருந்தார். தவமலர் அறைக்குள் போய் அத்தானுக்கு அடித்து, செத்தவீடு என்று தெரியாதோ என்று கத்தினாள். ஆனால் ஜெகதீஸ்வரி இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. அவளுடைய தூளை அவள் மணப்பது அதுதான் முதற்தரம். பிரெடாவில் மணந்ததை விட இது நன்றாக இருந்தது. அவளுக்கே நம்பக் கஷ்டமாக இருந்தது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டே, "அந்த மனுசன் வெள்ளை மிளகைக் கூடப் போட்டிட்டுது," என்று பக்கத்தில் வந்திருந்த தங்கச்சியிடம் சொன்னாள். "தெரியும்," என்றாள் தவமலர்.

டிசம்பர் பதினாறாம் திகதி அந்தியேட்டி முறைப்படி நடந்தது. பதினேழாம் திகதி காலையில் தொலைபேசி அடித்தது. தவமலர் எடுத்தாள். "மலரக்கா, நான் புவி," என்றது குரல். பிழையான நம்பர் என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள். திரும்பவும் அடித்தது.

"ஏன் கட் பண்ணினனீங்கள்? இஞ்சை எனக்குப் பின்னாலை இருபது பேர் லைனிலை நிக்கினம்," என்றான் புவனேந்திரன். முகாமில் பதிந்தவர் அவனுடைய பெயரைப் புவனேஸ்வரன் என்று எழுதியதால், அவனைத் தேடிய எவருக்கும் அவன் அகப்படவில்லை. இந்த மாதம் பாஸ் கொடுத்து வெளியில் விட்டதும் வவுனியாவுக்கு வந்து அடிக்கிறான். தவமலர் அக்காவைக் கூப்பிட்டாள். ஜெகதீஸ்வரி ரிசீவரைப் பறித்து, அழுதுகொண்டு, சொல்லக்கூடாததைச் சொன்னாள். "நேற்றுத்தானடா உனக்கு அந்தியேட்டி செய்தது!"

"என்ன படம் வைச்சனீங்கள்?" என்று அவன் கேட்டான்.

"மாமா வீட்டுக் கலியாணத்திலை எடுத்தது."

"மீசை இல்லாததோ?"

"ஓம்."

"உங்களுக்கு வேறை படம் கிடைக்கேல்லையோ?" என்று, ஒன்பது மாதம் எதற்கும் சத்தம் போடாத மனிதன், இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கத் தொண்டை கிழியக் கத்தினான்.

நீலக் கட்டச் சேட்டைப் பற்றியும் அவன்தான் சொன்னான். பதுங்குகுழிக்குள் சேட் இல்லாமல் நடுங்கிக்கொண்டிருந்த செபமாலைமுத்து என்ற வயதான மீன்காரருக்குத் தான் அதைக் கொடுத்ததாகவும், அவர் தண்ணி எடுக்கப் போய்த் திரும்பி வரவில்லை என்றும் சொன்னான். அவருக்கு ஒருவரும் மிச்சமில்லை. அப்படியென்றால் செய்த கிரியை அவருக்குப் போகட்டும் என்று தவமலர் நினைத்தாள். அவர் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போறவர் என்று தம்பி சொன்னான். தவமலர் ஐயருக்கு அடித்துக் கேட்டாள். ஐயர் கொஞ்சம் யோசித்துவிட்டு, போய்ச்சேரும் என்றார்.

அதற்குப் பிறகு தவமலர் மூன்று நாள் அக்காவோடு கதைக்கவில்லை. பழையபடி வந்துவிட்டது என்று நினைத்து ஜெகதீஸ்வரி உடுப்புகளை அடுக்கத் தொடங்கினாள். வெளியில் நல்ல ஸ்நோ. தவமலர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா செத்ததை இருபத்தொரு நாள் சொல்லாமல் வைச்சிருந்தாய். சாகாத தம்பியைச் செத்தெண்டு ஒன்றரை மணித்தியாலத்திலை வந்து சொன்னாய். உனக்கு ஒரு செய்தியையாவது ஒழுங்காய்ச் சொல்லத் தெரியுமோ?"

ஜெகதீஸ்வரிக்குப் பொறுமை விட்டுப்போனது. கையிலிருந்த துவாயைக் கட்டிலில் எறிந்தாள். "அப்ப நான் என்னதான் செய்யிறது? சொன்னாலும் பிழை, சொல்லாட்டிலும் பிழை. விசாரிச்சுப்போட்டு வந்திருக்கலாம். நாலு நாள் பொறுத்திருக்கலாம். பொறுத்தால் நீ என்ன சொல்லுவாயெண்டு எனக்குத் தெரியும். அதுதான் சப்பாத்தைக்கூடப் பாராமல் ஓடி வந்தனான்."

தவமலர் துவாயை எடுத்து மடித்தாள்.

"இனியும் உடனை சொல்லு," என்றாள். "பிழையெண்டாலும் சொல்லு. பிழையெண்டால் சேர்ந்து அழுதிட்டு, பிறகு சேர்ந்து ஏசுவம். தனிய வைச்சுக்கொண்டிராதை."

இது நடந்து முடிந்தால் மணம் வால்தம்ஸ்டோவுக்குத் திரும்பும் என்று ஞானேஸ்வரன் எதிர்பார்த்தார். அதற்கு அவரிடம் ஒரு காரணமும் இருந்தது. திரும்பவில்லை. 2010இலும் வெம்பிளியில்தான் மணத்தது. 2011இலும் அப்படியே. சகோதரிகள் ஒவ்வொரு நாளும் கதைத்தார்கள், பெரும்பாலும் சண்டை. சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் ஒரே மேசையில் நின்று கேக் வெட்டி, துண்டின் அளவைப் பற்றி வாங்குகிறவர்களுக்கு முன்னாலேயே வாக்குவாதப்பட்டார்கள். புவனேந்திரன் லண்டனுக்கு வரமாட்டேன் என்றுவிட்டான். கிளிநொச்சியில் சைக்கிள் திருத்துகிற கடை போட்டு, கலியாணமும் கட்டி, ஒழுங்கான படங்களாக எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தான். வீட்டுச் சொந்தக்காரர் மேல்வீட்டின் பெறுமதி கூடிவிட்டதென்று நினைத்து, இலையுதிர்காலத்தில் கேக் மணம் உண்டு என்று விளம்பரத்தில் சேர்க்கப் பார்த்தார். தவமலர் அதை எடுக்கச் சொன்னாள். மணம் வீட்டுக்குச் சொந்தமில்லை என்று அவருக்கு விளங்கப்படுத்த ஒரு பின்னேரம் போனது.

2013 செப்டெம்பரில் தவமலரும் பாலேந்திராவும் ஹரோவில் சொந்த வீடு வாங்கினார்கள். எந்த வியாழக்கிழமை மாறுகிறார்கள் என்பதை அக்காவுக்குச் சொல்லத் தவமலர் மறந்துபோனாள். அதற்காகப் பிறகு நன்றாக வாங்கிக்கட்டினாள். சாமான் ஏற்றிய வான் தெரு மாறிப் போய், பின்னேரம் நாலு மணிக்குத்தான் வந்து சேர்ந்தது. மணம் இரண்டரைக்கே வந்துவிட்டது. தவமலர் வெறும் தரையில், சுவரோடு சாய்ந்திருந்து, கண்ணை மூடி இரண்டுதரம் மூச்சை இழுத்துப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து அக்காவுக்கு அடித்து, ஏலக்காய் காணாது என்றாள்.